சின்ன மேசைக் கபரே

சுலோஜனாவின் கையில் ஒலிவாங்கி இல்லாத நேரம் பார்த்துத்தான் அவளோடு கதைக்க வேண்டும். அப்போதுதான் அவள் அவளாக இருப்பாள். ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்தில் ஒரு பல் வைத்தியரிடம் அவளுக்கு வேலை. பயந்துபோய்க் கதிரையில் சாய்ந்து கிடக்கிறவர்களிடம் எதையாவது சொல்லி, திறந்த வாயோடு அவர்களைச் சிரிக்க வைத்து, ஊசியும் கையுமாக நிற்கிற வைத்தியரிடம் முறைப்பு வாங்காத நாள் அவளுக்குக் குறைவு.

ஆனால் சனி ஞாயிறுகளில் பட்டுச் சேலை உடுத்தி, மண்டபத்து மேடையில் ஏறி, ஒலிவாங்கியைப் பிடித்தாளோ, ஆளே வேறு. முகம் கல்லாகிவிடும். குரல் கோயில் மணியாகிவிடும். "பெருமதிப்புக்குரிய", "அடுத்த நிகழ்வாக", "அன்போடு அழைக்கின்றோம்." கலியாணம், பெண்பிள்ளை பெரியவளாகிற சாமத்தியவீடு, கலைவிழா எதுவானாலும் அந்த ஊர்த் தமிழருக்கு அறிவிப்பாளர் சுலோஜனாதான். யாருடைய பெயரை யாருக்குப் பிறகு சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. அதில் பிழை விடக்கூடாது, கண்டீர்களா. மேடையில் ஒரு பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பம் அதை மறக்காது. அன்றைக்குத் தாலி கட்டின பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாலும் மறக்காது. சுலோஜனா இன்றுவரை ஒரு பெயரைக்கூட விட்டதில்லை.

ஒரு சாமத்தியவீட்டு நாளில்தான் இந்தக் கதை தொடங்கியது. மேடையில் பரராசசிங்கத்தார் பேசிக்கொண்டிருந்தார். மண்டபத்துக்குச் சொந்தக்காரர் அவர். பழைய தையல் மெஷின் தொழிற்சாலை ஒன்றை வாங்கி, இடித்து, பூசி, தமிழருக்கென்று மண்டபமாக்கினவர். அதனால் அங்கே நடக்கிற ஒவ்வொரு விசேஷத்திலும் அவருக்கொரு பேச்சு உண்டு. "இரண்டே இரண்டு வார்த்தை பேசி அமர்கிறேன்" என்று தொடங்குவார். பிறகு அவர் அமர்வதை யாரும் கண்ணால் கண்டது கிடையாது.

அந்த நேரத்தில் சுலோஜனா தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் வந்தாள். அங்கே கட்லட் பொரித்துக்கொண்டிருந்தவன் அவளுடைய தங்கையின் கணவன் ஸ்ரனிஸ்லாஸ். சுலோஜனா சட்டியோரம் கிடந்த துணியை எடுத்துச் சால்வையாகத் தோளில் போட்டாள். தொண்டையைச் செருமினாள்.

"இரண்டே இரண்டு வார்த்தை," என்றாள் பரராசசிங்கத்தாரின் குரலில். "ஒண்டு, இந்த மண்டபத்தை நான் கட்டின கதை. மற்றது, இந்த மண்டபத்தை நான் கட்டின கதை."

குசினியில் நின்ற பெண்கள் மாக்கையோடு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ஸ்ரனிஸ்லாஸ் அகப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

"அக்கா, இதை ஏன் குசினிக்குள்ளை ஒளிச்சு நிண்டு செய்யிறியள்? வெளியிலை செய்யுங்கோவன்."

"வெளியிலை செய்தால் என்னையும் வெளியிலை போட்டிடுவினம் தம்பி."

"பரிஸிலை எண்டால் இதுக்குச் சம்பளம் குடுத்துக் கும்பிடுவாங்கள்!"

ஸ்ரனிஸ்லாஸ் சும்மா சொல்லவில்லை. கலியாணம் கட்டி இங்கே வருவதற்கு முன்பு பரிஸில் ஒரு கபரே மண்டபத்துக் குசினியில் பல வருடம் வேலை செய்தவன் அவன். கோப்பை கழுவுகிற தொட்டிக்கு நேரே ஊஞ்சல் கதவு. ஒவ்வொரு முறை கதவு ஆடும்போதும் ஒரு துண்டு மேடை, ஒரு துண்டு பாட்டு, ஒரு துண்டு சிரிப்பு. அந்தத் துண்டுகளையெல்லாம் ஒட்டிப் பார்த்து, கபரேயின் முழுக்கதையும் தெரிந்துகொண்டவன்.

"கபரே தொடங்கி நூறு வருசத்துக்கு மேலை இருக்கும் அக்கா," என்று அன்றைக்கு அவன் கட்லட்டைக் கருக விட்டுவிட்டுச் சொன்னான். "மொன்மார்த் எண்டொரு மேடு. அதிலை சின்னச் சின்னக் குடிக்கடையள். படம் கீறுறவை, பாட்டுக் கட்டுறவை, கையிலை ஒண்டுமில்லாத சனம் எல்லாம் கூடுற இடம். அங்கை மேடை வேறை, சபை வேறை எண்டு இல்லை. சின்ன மேசை, மேசையிலை விளக்கு, மேசையளுக்கு நடுவிலை நிண்டு பாட்டு. நடத்துறவன் வாசல்லை நிண்டு, வாற ஆக்களை நல்லா நக்கலடிச்சுத்தான் உள்ளை விடுவான். பெரிய மனுசர் எண்டால் ரெண்டு மடங்கு நக்கல். அதை வாங்கத்தானே அவை வண்டி கட்டிக்கொண்டு மேடு ஏறி வந்தவை!"

"ஏச்சு வாங்க வண்டி கட்டினவையோ?"

"ஓம் அக்கா. ஏச்சு விழாதவன்தான் முகம் தொங்கிப்போய் வீட்டை போவானாம்."

சுலோஜனா சிரித்தாள். இந்தக் கடைசி வார்த்தையை அவள் அன்றைக்குப் பெரிதாக எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

அந்தக் கோடை விடுமுறையில் தங்கை குடும்பத்தோடு அவளும் பரிஸுக்குப் போனாள். எத்தனையோ முறை போன ஊர்தான். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இறங்கி, சேலைக் கடை, மரக்கறிக் கடை, சொந்தக்காரர் வீடு, திரும்பக் கார். அதற்குமேல் பரிஸ் என்று ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது. லா சப்பலில் இருந்து கால்நடையாகப் போகிற தூரத்தில்தான் அந்த மொன்மார்த் மேடு இருக்கிறதென்று ஸ்ரனிஸ்லாஸ் சொன்னபோது அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மரக்கறிப் பையும் கையுமாக அப்படியே நடந்தார்கள்.

படியிறங்கிப் போகிற ஒரு நிலவறை. உள்ளங்கை அகல மேசைகள். ஆண்பிள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு கிழவி வாசலில் நின்றாள். முன்னால் போனவனின் மொட்டைத்தலையை விளக்குக்குப் பக்கத்தில் இழுத்துப் பார்த்து என்னவோ சொன்னாள். அறை முழுக்கச் சிரித்தது, மொட்டைத்தலைக்காரன்தான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தான். அடுத்தது சுலோஜனா. அவளுடைய பையிலிருந்து முருங்கைக்காய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கிழவி ஒன்றை உருவி எடுத்தாள். வாள்போலச் சுழற்றிக் காட்டினாள். பிரெஞ்சில் படபடவென்று பொரிந்தாள்.

"என்னவாம்?" என்று சுலோஜனா மெதுவாகக் கேட்டாள்.

"'இந்த அம்மாவுக்கு எங்கடை பாட்டிலை நம்பிக்கை இல்லை. அடிக்கிறதுக்குத் தடியும் கட்டிக்கொண்டு வந்திட்டா' எண்டு சொல்லுறாள்."

அதே முருங்கைக்காயால் தாளம் காட்டிக் கிழவி பியானோக்காரனைத் தொடக்கி வைத்தாள். சனம் சுலோஜனாவைப் பார்த்துக் கைதட்டியது. அவளுக்கு உள்ளுக்குள் என்னவோ திறந்துகொண்டது. எத்தனை மண்டபத்தில் எத்தனை பேரை வரவேற்றிருக்கிறாள். அவளை ஒருவர் வாசலில் நிறுத்தி, முகத்தைப் பார்த்து, பையைப் பார்த்து, இன்னார் நீ என்று கண்டுகொண்டது அன்றைக்குத்தான். பகிடி பண்ணின மாதிரியே இல்லை. கட்டிப்பிடித்த மாதிரி இருந்தது.

"எனக்கு இது வேணும்," என்றாள் திரும்பி வரும் வழியில். "ஒவ்வொரு மாசமும் வேணும். எங்கடை மண்டபத்திலை வேணும்."

வேண்டுமென்றால் பரராசசிங்கத்தாரிடம் கேட்க வேண்டும். துணைக்கு ஸ்ரனிஸ்லாஸையும், அவனுடைய அண்ணன் மகள் நிருஷாவையும் கூட்டிக்கொண்டு போனாள். நிருஷா மேடை விளக்குத் தொழிலுக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்துவிட்டு, கொலோனிலும் பெர்லினிலும் கிளப்புகளுக்கு விளக்குப் பூட்டுகிற பிள்ளை.

"கபரேயோ?" பரராசசிங்கத்தாரின் புருவம் மேலே போனது. "படத்திலை வில்லன்ரை குகைக்குள்ளை ஆடுறது! பிள்ளையார் படம் மாட்டின மண்டபத்திலை இறகு கட்டி ஆட ஏலாது."

"அது சினிமாக்காரர் காட்டின கபரே அங்கிள்," என்றாள் நிருஷா. "இறகும் காலைத் தூக்கிற ஆட்டமும் பெரிய மண்டபங்களின்ரை வேலை. இது கதையும் பாட்டும் பகிடியும். பரிஸிலை தொடங்கி, பேந்து பெர்லினுக்கும் மியூனிக்குக்கும் வந்து, இப்ப எல்லா இடமும் பரவிட்டுது. நான் விளக்குப் பூட்டுற இடமெல்லாம் அதுதான். தனிய நிண்டு பகிடி சொல்லுறவன், மேசைக்கு மேசை போய்ப் பாடுறவள், கிளப் வாசல்லை நிண்டு ஆளை மேலும் கீழும் பாத்து உள்ளை விடுறவன், எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளையள்."

"எங்கடை பெடியனை பெர்லினிலை வாசலோடை திருப்பி அனுப்பினவனும் அந்த வீட்டுப் பிள்ளையோ?"

"ஓம் அங்கிள். அவன் கொஞ்சம் குழப்படிப் பிள்ளை."

பரராசசிங்கத்தாரின் மனைவி குணேஸ்வரி தேத்தண்ணித் தட்டோடு வந்தவர், திரும்பி நின்று சிரித்தார். பரராசசிங்கத்தார் சிரிக்கவில்லை. தேத்தண்ணியை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"ஒரு சனிக்கிழமை தாறன். நல்லாப் போனால் ஒவ்வொரு மாசமும் முதல் சனி உங்களுக்கு. பிழைச்சால் இந்தக் கதையை இனி என்னட்டைக் கொண்டு வரக்கூடாது. மரியாதை கெடக்கூடாது, கண்டியளோ?"

"கெடாது அண்ணை," என்றாள் சுலோஜனா. அந்த வார்த்தையை அவள் நெஞ்சில் முடிச்சுப் போட்டு வைத்தாள். ஊரில் நக்கலுக்கு யாரைத் தொட்டாலும் இந்த மனிதரை மட்டும் தொடுவதில்லை.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. ஒக்டோபர் மாதம், வெளியே தூறல். சுலோஜனா மண்டபத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மண்டபத்துப் பெடியள் பழக்க தோஷத்தில் கதிரைகளை வரிசை வரிசையாக அடுக்கி, முன்னுக்குப் பெரிய சோபாக்களைப் போட்டு, அவற்றுக்கு வெள்ளைத் துணியும் விரித்து, மேடையில் குத்துவிளக்குக்குத் திரியும் போட்டு வைத்திருந்தார்கள்.

"ஐயோ! ஆர் தம்பிமாரே கலியாணம் கட்டப்போறது?"

பிறகு பார்க்க வேண்டுமே அந்த அமர்க்களத்தை! சோபாக்கள் நடைபாதைக்குப் போயின. கேக் வெட்டுகிற மேசை, பரிசுப் பொருள் வைக்கிற மேசை, நிருஷாவின் சிநேகிதர்கள் வீட்டுப் பல்கனி மேசைகள் எல்லாம் உள்ளே வந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்புச் சேலைத் துண்டு சுற்றிய குட்டி விளக்கு. நிருஷா ஏணியில் நின்று பெரிய விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். கடைசி விளக்கும் அணைந்தபோது, கலியாணம் கட்டிக் களைத்துப்போன அந்த மண்டபம் மாதுளம்பழத்தைப் பிளந்த மாதிரிச் சிவந்து கிடந்தது.

"அன்ரி!" என்று மேலேயிருந்து கத்தினாள் நிருஷா. "எனக்கு மயிர் கூச்செறியுது!"

சுலோஜனா வாசலில் போய் நின்றாள். பிடித்துக்கொள்ள ஒரு காகிதமும் இல்லை. ஸ்ரனிஸ்லாஸ் குசினியிலிருந்து ஓடிவந்து அவள் கையில் ஒரு முருங்கைக்காயைத் திணித்தான்.

"தடி இல்லாமல் வாசல்லை நிக்கக்கூடாது அக்கா."

ஐந்து மணிக்கென்று சொன்ன நிகழ்ச்சி. ஐந்துக்குச் சரியாக வந்து நின்றவர்கள் அவளுடைய பல் வைத்தியர் அம்மாவும் அவருடைய கணவரும் மட்டுமே. சுலோஜனா ஜேர்மனில் தொடங்கினாள். "டொக்டர், வருடக்கணக்காக நீங்கள் ஊரை வாயைத் திறக்கச் சொன்னீர்கள். இன்றைக்கு என் முறை. நன்றாகத் திறவுங்கள், நான் எண்ணிப் பார்க்க வேண்டும். அதோடு, தமிழ் நிகழ்ச்சிக்கு நேரத்துக்கு வருகிற பழக்கத்தை எங்கே பிடித்தீர்கள்? இது தொற்றுகிற வருத்தம், மற்றவர்களுக்கும் வந்துவிடும்." வைத்தியர் கடைவாய்ப்பல் தெரியச் சிரித்தார்.

அது சுலபம். வேற்று மொழியில் நாக்குக்குப் பயம் குறைவு. ஆறு மணியானதும் நம் சனம் வரத் தொடங்கியது. முதலில் வந்தவர் சில்வெஸ்டர், கலியாணவீட்டு வீடியோக்காரர், மீசையோடும் மனைவியோடும். சுலோஜனாவின் நாக்கு நுனிக்கு "பெருமதிப்புக்குரிய" வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் அதை விழுங்கினாள். முருங்கைக்காயால் அவரை மறித்தாள்.

"நில்லுங்கோ சில்வெஸ்டர் அண்ணை. சனமே, வடிவாப் பாருங்கோ. இவர் எடுத்த கலியாண வீடியோ எங்கடை வீட்டையும் ஒண்டு கிடக்குது. அதிலை மாப்பிள்ளை வந்ததை விட வாழைப்பழத் தட்டு வந்ததுதான் கூட. கடைசியிலை வாழைப்பழம்தான் தாலி கட்டினதோ எண்டு எங்கடை பிள்ளையள் கேக்குதுகள்."

சில்வெஸ்டர் அவளை முறைத்துப் பார்த்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் குடையைத் தாழ்த்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். சரி, எல்லாம் முடிந்தது என்று சுலோஜனா நினைத்தாள்.

"அது மெய்தானே!" என்று வெடித்தார் சில்வெஸ்டரின் மனைவி. "எங்கடை கலியாண வீடியோவிலேயே நான் இல்லை, சுலோ! முழுக்கப் பலகாரம்!"

சில்வெஸ்டரின் மீசை துடித்தது. பிறகு வயிறு துடித்தது. பிறகு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அதற்குப் பிறகு சுலோஜனாவைப் பிடிக்க முடியவில்லை! ஒவ்வொருவராக மறித்தாள். "வா பிள்ளை, ஒரு மணித்தியாலமா வாசல்லை நிண்டு 'போட்டு வாறன்' சொல்லுற ஆள் எல்லே நீ. இப்பவே சொல்லத் தொடங்கு, நாங்கள் பூட்டுற நேரத்துக்கு முடிப்பாய்." "இவை சாப்பிட வந்தவை இல்லை. கட்டிக்கொண்டு போக வந்தவை. கைப்பையைத் திறவுங்கோ அக்கா, பிளாஸ்ரிக் டப்பா எத்தினை?" "தம்பி, நீ ஃபோனைப் பாத்துக்கொண்டே நட. சுவர் வந்தால் அதுவே உன்னை நிப்பாட்டும்."

சிரிப்பு நடைபாதையைத் தாண்டி வாகனத் தரிப்பிடம் வரைக்கும் போனது. அடுத்து நடந்ததுதான் அதிசயம். வாசலில் மாட்டாமல் குசினிக் கதவால் உள்ளே போய் உட்கார்ந்திருந்தவர்கள், தங்களுக்கு ஒன்றும் விழவில்லையே என்று எழுந்து, அதே கதவால் வெளியே போய், மழையில் நனைந்து, முன்வாசல் வரிசையில் வந்து நின்றார்கள். உடம்பு மெலிந்த ஒரு ஐயா ஒரு முறை வாங்கினது போதாதென்று தொப்பியை மாற்றிக்கொண்டு திரும்ப வந்தார்!

அந்த வரிசையில்தான் பரராசசிங்கத்தாரும் குணேஸ்வரியும் வந்தார்கள். புதுக் கோட்டு, புதுக் கழுத்துப்பட்டி, வாசனை. சனம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. சுலோஜனா முருங்கைக்காயை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். குனிந்தாள். கோயில் மணிக் குரல் திரும்ப வந்தது.

"வாங்கோ அண்ணை, வாங்கோ அக்கா. உங்கடை வரவு எங்களுக்குப் பெரிய சந்தோசம். உள்ளை வந்து இருங்கோ."

பரராசசிங்கத்தார் நகரவில்லை. கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றார். "அவ்வளவுதானோ?" என்றார்.

"ஓம் அண்ணை. நடு மேசை உங்களுக்குத்தான்."

அவர் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், காரைப் பூட்டினேனோ தெரியவில்லை என்று எழுந்து போனார். திரும்பி வரும்போது வாசலில் நின்று அவளைப் பார்த்தார். "வாங்கோ அண்ணை," என்று இன்னும் பணிவாகச் சொன்னாள் சுலோஜனா. பிறகு கண்ணாடியைக் காரில் விட்டுவிட்டேன் என்று போனார். திரும்பி வந்தார். இந்த முறை அவள் கைகூப்பியே வழி விட்டாள். அவருடைய முகம் இருண்டு போயிருந்தது. ஐயோ, இந்த நக்கலெல்லாம் அவருக்குப் பிடிக்கவில்லை என்று அவள் நினைத்தாள். ஆனாலும் ஓடுகிற தேரில் ஏறியாகிவிட்டது. இறங்க முடியாது.

நிருஷா மேசைகளுக்கு நடுவே ஒரு வேட்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, பின்னால் விளக்கு வைத்தாள். அந்தக் காலத்து மொன்மார்த்தில் இப்படித்தான் துணிக்குப் பின்னால் நிழல் ஆட்டிக் கதை காட்டினார்களாம். நிருஷா மட்டையில் வெட்டின மாப்பிள்ளையும் பொம்பிளையும் படம் எடுக்க நின்றார்கள். மாமா, மாமி, மச்சான், மச்சானின் முதலாளி என்று நிழல்கள் வந்து வந்து சேர்ந்தன. கடைசியில் மாப்பிள்ளையின் நிழல் வேட்டியின் ஓரத்தால் வெளியே தள்ளப்பட்டு விழுந்தது. மேசைகள் அதிர்ந்தன. ஸ்ரனிஸ்லாஸ் மாப்படிந்த ஏப்ரனோடு குசினியிலிருந்து வந்து, கோப்பை கழுவின காலத்தில் தானே கட்டின பாட்டைப் பாடினான்.

"மேடையிலே இறகு பறக்கும், குசினியிலே நுரை பறக்கும்!" என்று அவன் எடுக்க, சனம் கரண்டியால் கோப்பையில் தட்டித் தாளம் போட்டது. பல் வைத்தியர் அம்மா ஒரு சொல்லும் விளங்காமல் எல்லாரிலும் பலமாகத் தட்டினார். ஐயோ, அந்தச் சத்தம்! அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் ஆர் பெரிய ஆள், ஆர் சின்ன ஆள் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லா முகமும் விளக்குக்குப் பக்கத்தில், எல்லா முழங்கையும் பக்கத்து ஆளின் முழங்கையில்.

இடைவேளையில் சுலோஜனா நடு மேசையைப் பார்த்தாள். கதிரை வெறுமையாக இருந்தது. பரராசசிங்கத்தார் கோட்டு மாட்டும் இடத்தில் நின்று தன் மழைக் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் குணேஸ்வரியிடம் ஓடினாள். "அக்கா, அண்ணை போறாரோ? நான் கூடிப்போனனோ? மரியாதை கெட்டுப்போச்சோ?"

"கூடிப்போனியோ?" குணேஸ்வரி அவளுடைய கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினார். "எடி விசரி, அந்த மனுசன் காரைப் பூட்டவோ போனது? கண்ணாடி மூக்கிலை கிடக்குது! சுலோ என்னைப் பற்றி என்ன சொல்லுவாள், என்ன சொல்லுவாள் எண்டு ஒரு கிழமையா என்ரை உயிரை எடுத்தவர். அந்தக் கழுத்துப்பட்டி உன்ரை நக்கலுக்கெண்டே வாங்கினது. நீ என்னெண்டால் போறவன் வாறவன் எல்லாருக்கும் சொன்னாய், பல் டொக்டருக்கும் சொன்னாய். மண்டபம் கட்டின மனுசனை மட்டும் விட்டிட்டாய். 'என்னை ஒரு ஆளா மதிக்கேல்லை' எண்டு போட்டுக் கோட்டை எடுக்கப் போட்டார்."

சுலோஜனாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஏச்சு விழாதவன்தான் முகம் தொங்கிப்போய் வீட்டை போவான். ஸ்ரனிஸ்லாஸ் அன்றைக்கே சொன்னானே! எத்தனை வருடம் எத்தனை மேடை. ஒரு பெயரை விடாதவள் அவள். இன்றைக்கு, தன்னுடைய சொந்த மேடையில், விடக்கூடாத பெயரை விட்டுவிட்டாள். மரியாதை என்று நினைத்து அந்த மனிதரை வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டாள்.

பரராசசிங்கத்தார் கோட்டின் ஒரு கையைப் போட்டுவிட்டார். சுலோஜனா ஒலிவாங்கியைப் பாய்ந்து எடுத்தாள்.

"பிடியுங்கோ அந்த ஆளை! போக விடாதேங்கோ!"

மண்டபம் திடுக்கிட்டுத் திரும்பியது. நிருஷா ஏணியிலிருந்தபடியே ஒரு வெளிச்ச வட்டத்தைக் கோட்டு மாட்டும் இடத்தில் போட்டாள். ஒற்றைக் கை நுழைத்த பாதிக் கோட்டோடு பரராசசிங்கத்தார் வெளிச்சத்தில் நின்றார்.

அவர் ஓம் என்றால்தான் அடுத்த மாதம். இப்போது சொல்லப்போவது பிழைத்தால் அடுத்த மாதமும் இல்லை, அறிவிப்பாளர் வேலையும் இல்லை. இருந்தாலும் அவரை இப்படி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

"இவரை எல்லாருக்கும் தெரியும்," என்றாள். "இவர் இந்த மண்டபத்தைக் கட்டினவர். எங்களுக்கெண்டு கட்டினவர். கட்டிப்போட்டு, சுவரிலை ஆணி அடிக்காதே, செலோரேப் ஒட்டாதே, பலூன் கட்டாதே, கதவைச் சாத்து, தண்ணியைப் பூட்டு எண்டு எழுதி ஒட்டினவர். எழுதினதை எதாலை ஒட்டினவர்? செலோரேப்பாலை!"

ஒரு மூலையில் யாரோ களுக்கென்றார்கள். பரராசசிங்கத்தார் அசையவில்லை.

"மாசி மாசத்துக் கலியாணத்திலை ஹீற்றரைக் குறைக்கிற ஆளும் இவர்தான். ஏன் அண்ணை எண்டு கேட்டால், 'சோடியள் கிட்டக்கிட்ட இருக்கட்டும் பிள்ளை' எண்டுறார். இந்த ஊரிலை இவ்வளவு பேர் சந்தோசமாக் குடும்பம் நடத்திறதுக்கு அந்தக் குளிர்தான் காரணம்!"

இப்போது சிரிப்பு மேசை மேசையாகப் பற்றிக்கொண்டு போனது. குணேஸ்வரி மேசையில் தட்டினார். சுலோஜனா மேசைகளுக்கு நடுவால் நடந்து அவருக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் முருங்கைக்காய்.

"இன்னும் ஒண்டு கிடக்குது அண்ணை. சொல்லட்டோ?"

பரராசசிங்கத்தார் மெல்லத் தலையை ஆட்டினார்.

அவள் சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துச் சால்வையாகப் போட்டாள். தொண்டையைச் செருமினாள். "இரண்டே இரண்டு வார்த்தை பேசி அமர்கிறேன்!"

மண்டபம் அலறியது. அவளுக்கு மேலே சொல்லவே விடவில்லை. கையைக் காட்டி அடக்கிவிட்டுச் சொன்னாள்: "இவர் பேசத் தொடங்கேக்கை அது கலியாணம். முடிக்கேக்கை பிள்ளைக்குப் பேர் வைக்கிற விழா. நடுவிலை சோறு ஆறி, திருப்பிச் சூடாக்கி, திருப்பி ஆறி... அண்ணை, அந்த ரெண்டு வார்த்தை என்னெண்டு அறிய ஊரே எத்தினை வருசமாக் காத்துக்கொண்டு இருக்குது. ஒருக்கால் சொல்லிப்போட்டுப் போங்கோவன்."

பரராசசிங்கத்தார் பாதிக் கோட்டு தரையில் இழுபட, வெளிச்ச வட்டத்துக்குள் இரண்டடி முன்னுக்கு வந்தார். கையை நீட்டினார். சுலோஜனா ஒலிவாங்கியைக் கொடுத்தாள்.

"ஸ்ரனிஸ்லாஸ்!" என்று இருட்டிலிருந்து சில்வெஸ்டர் கத்தினார். "சோத்தை மூடி வை, அண்ணை தொடங்கப்போறார்!"

பரராசசிங்கத்தார் சனத்தைப் பார்த்தார். சிவப்பு விளக்குகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். குணேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், சிரித்ததில் வந்த தண்ணீர். அவர் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"வாற மாசமும்," என்றார்.

அவ்வளவுதான். ஒரு கணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. எல்லாரும் மிச்சத்துக்குக் காத்திருந்தார்கள். முதலில் விளங்கியது நிருஷாவுக்கு. ஏணி ஆட ஆட அவள் கூவினாள். பிறகு மண்டபம் எழுந்தது! கரண்டி, கோப்பை, மேசை, கால், கை, எல்லாம் ஒரே சத்தம். ஸ்ரனிஸ்லாஸ் குசினியிலிருந்து பானை மூடிகளைத் தாளமாக அடித்துக்கொண்டு ஓடிவந்தான். சுலோஜனா சிரித்தாளா, அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. பரராசசிங்கத்தாரின் முகத்தைப் பார்த்தாள். கழுத்துப்பட்டிக்கு மேலே அந்த முகம் புது மாப்பிள்ளையின் முகம்போல மலர்ந்திருந்தது.

சத்தம் கொஞ்சம் அடங்கியது. பரராசசிங்கத்தார் ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"அதோடை, இந்த மண்டபத்தை நான் கட்டின காலத்திலை..."

சுலோஜனா அவருடைய கையிலிருந்து ஒலிவாங்கியைப் பறித்தாள். ஆம், பறித்தாள்! முருங்கைக்காயால் நடு மேசையைக் காட்டினாள்.

"இருங்கோ அண்ணை. மேசை சின்னன், பேச்சும் சின்னன்."

அவர் கோட்டைக் கழற்றிப்போட்டுவிட்டுப் போய் அமர்ந்தார். அவர் அமர்ந்ததை அன்றைக்கு ஊரே கண்ணால் கண்டது.